லிஃப்ட் யாருடையது?

எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் அம்மா ஒருவர், சில மாதங்களுக்கு முன் தொடர்ந்து நாலு நாள் லேட்டாக வந்தார். சாதாரணமாக ஆறரை மணிக்கு வாசல் தெளித்துவிடுகிறவர். எட்டு மணிக்கு வந்து நின்றால் எதிர்வீட்டு மாமி சும்மா விடுவாரா? ‘என்னம்மா, ராத்திரி பூரா டி.வி.யா?’ என்று கேட்டுவிட்டார். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

‘லிஃப்ட் ஓடலைங்க. ஏழாவது மாடி. எங்க மாமியாருக்கு முட்டி வலி. அவங்களுக்கு ரெண்டு குடம் தண்ணி கீழருந்து தூக்கி வெச்சிட்டு வரணும். அதான் பஸ்ஸை விட்டுடறேன்.’

அவர் இருப்பது நகரத்துக்கு வெளியே ஒரு வாரியக் குடியிருப்பு. எந்தக் குடியிருப்பு என்பது முக்கியமில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒரு லிஃப்ட்டை மட்டும் சரிசெய்துவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நான் அவரிடம் ரொம்பப் புத்திசாலித்தனமாக, ‘புகார் கொடுக்க வேண்டியதுதானே?’ என்று கேட்டேன். ‘கொடுத்தோமே சார்’ என்று ஆரம்பித்தார். அந்தக் கதையை அப்படியே தருகிறேன்.

முதலில் தங்கள் பகுதி மக்கள் பிரதிநிதியிடம் போயிருக்கிறார்கள். ‘அது வாரியத்து பில்டிங்மா, நான் கை வைக்க முடியாது’ என்றார். வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். ‘மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்காரனிடம் சொல்லியிருக்கோம்.’ கான்ட்ராக்ட்காரருக்கு போன் போட்டால், ‘பில் பாஸாகலை.’ சரி, லிஃப்ட்தான் இப்படி, குழாயில் தண்ணீராவது வரட்டும் என்று கேட்டால், ‘அது குடிநீர் வாரியம்.’ சாக்கடை பொங்குகிறதே? ‘எங்க காம்பவுண்டுக்கு உள்ளே பொங்குதா, வெளியே பொங்குதா?’ சாக்கடை எந்தப் பக்கம் பொங்க வேண்டும் என்பதை அதனிடம் யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

நம் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றால் அசோசியேஷன் செகரட்டரியின் தூக்கம் அன்றோடு போச்சு. வாட்ஸ்அப்பில் அவரைப் பிய்த்து உதறிவிடுவோம். அவருக்கு ஒரு முகம் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது. இவர்களுக்கு இருப்பது அலுவலகங்கள் மட்டும். ஆளுக்கொரு அலுவலகம் கையைக் காட்ட, நடுவில் மாமியார் ஏழாவது மாடியில்.

*

இது ஏதோ ஒரு இன்ஜினீயரின் சோம்பேறித்தனம் இல்லை. நாம் இதை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறோம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியது 1970-ல். அதற்கான சட்டம் 1971-ல் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அதன் முழக்கம். நக்கலுக்காகச் சொல்லவில்லை, அன்றைக்கு அது நிஜமாகவே பெரிய காரியம். குடிசை எரிந்தால் அனுதாபம் மட்டுமே கிடைத்துவந்த காலத்தில், நகரத்தின் நடுவிலேயே ஏழைக்கு கான்கிரீட் வீடு என்று ஒரு அரசு யோசித்தது. மெரினாவை ஒட்டியும், மயிலாப்பூரிலும், வடசென்னையிலும் அந்தக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். 2021-ல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர்ப் பலகை மாறினாலும் அஸ்திவாரம் அதேதான்: இது மாநில அரசின் வாரியம். அமைச்சருக்குப் பதில் சொல்லும். வார்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

1993-ல் அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் அமலுக்கு வந்தது. மாநகராட்சி, நகராட்சிகளுக்கு என்னென்ன வேலைகளைத் தரலாம் என்று 18 இனங்களைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியல் போட்டார்கள். பத்தாவது இனம், குடிசைப் பகுதி மேம்பாடு. பதினொன்றாவது, நகர்ப்புற வறுமை ஒழிப்பு. ஆஹா, இனி கவுன்சிலர் கேள்வி கேட்பார் என்று நினைத்தீர்களானால், ஒரு சின்ன விஷயம் பாக்கி. அந்த வேலைகளைத் தருவதும் தராததும் மாநில அரசின் இஷ்டம். குப்பை அள்ளுகிற வேலையை மாநகராட்சிக்குத் தாராளமாகக் கொடுத்தோம். வீடு கட்டுகிற வேலையை, அதாவது டெண்டர் விடுகிற வேலையை, மாநிலமே வைத்துக்கொண்டது. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் தமிழ்நாட்டில்தானே இருக்கிறீர்கள்?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டன. 1985-ல் இன்னும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பட்டியலில் புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லை. நகரம் மூன்று பங்கு வீங்கியது. பட்டியல் மட்டும் அப்படியே உறைந்து கிடந்தது. பட்டியலில் இருந்தால் தண்ணீர், கழிப்பறை, பாதை கேட்க ஒரு பிடி உண்டு. இல்லாவிட்டால் நீங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’. ஒரு வார்டின் புதுக் குடிசைகளை முதலில் பார்க்கிறவர் கவுன்சிலர். பட்டியலில் சேர்க்கும் பேனா அவரிடம் இல்லை.

*

இப்போது கண்ணகி நகருக்குப் போகலாம். 2000-ம் ஆண்டு தொடங்கி சென்னையின் ஏழைகளை அங்கே கொண்டுபோய் இறக்கினோம். 15,000-க்கும் அதிகமான வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லாதவை. நம்மில் பலருடைய ஹாலே அதைவிடப் பெரிசு. 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,000-க்கு மேல். அதற்கப்புறம் பெரும்பாக்கம்: லிஃப்ட் வைத்த எட்டு அடுக்குகள், 20,000-க்கும் அதிகமான வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரை ஜனங்களும், கூவம் சீரமைப்பில் அந்தக் கரை ஜனங்களும் அங்கே போனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு போய் விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அக்கம்பக்கம் என்பது தனி நகைச்சுவை.

இதில் கட்சிப் பாகுபாடே கிடையாது. கண்ணகி நகர் தி.மு.க. ஆட்சியில் ஆரம்பித்தது. செம்மஞ்சேரி அ.தி.மு.க. ஆட்சியில். பெரும்பாக்கம் ஒருவர் ஆட்சியில் ஒப்புதலாகி அடுத்தவர் ஆட்சியில் நிரம்பியது. தமிழ்நாட்டில் இரண்டு கழகங்களும் மனமொத்துச் செய்த காரியங்கள் ரொம்பக் குறைவு. அதில் இது ஒன்று.

நான் சொல்ல வந்தது வேறு. இந்த மூன்று இடங்களும் மக்கள் குடியேறத் தொடங்கியபோது சென்னை மாநகராட்சியிலேயே இல்லை. எல்லாம் ஊராட்சிகள். 2011-ல் மாநகராட்சி விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே வந்தன. பெரும்பாக்கம் வரவில்லை. ஒரு ஊராட்சியின் தலையில் 20,000 வீடுகள்! வீட்டுக்கு நாலு பேர் என்றாலும் 80,000 பேர். தமிழ்நாட்டில் பல நகராட்சிகளில் இவ்வளவு ஜனம் கிடையாது. சென்னையின் ஏழையைச் சென்னையிலிருந்து கழித்து, ஒரு கிராமத்தின் கணக்கில் கூட்டினோம்.

வேடிக்கை இத்தோடு முடியவில்லை. பெரும்பாக்கத்துக்குப் பணம் வந்தது ஜவாஹர்லால் நேரு நகர்ப்புற புனரமைப்புத் திட்டத்திலிருந்து. அந்தப் பணத்தை வாங்க மாநிலங்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயச் சீர்திருத்தங்களில் ஒன்று, 74-வது திருத்தத்தை ஒழுங்காக அமல்படுத்தி உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுப்பது. பணம் வந்துவிட்டது. அதிகாரம்?

அதிகாரத்தை விடுங்கள், ஆளே இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. சென்னை மாநகராட்சிக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களுக்கு 2021 அக்டோபரில். நடுவில் ஐந்து வருஷம், கூவம் கரையிலிருந்து லாரி லாரியாகச் சாமான்கள் பெரும்பாக்கம் போய்க்கொண்டிருந்தபோது, அனுப்புகிற ஊரில் கவுன்சிலர் இல்லை. வாங்குகிற ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை. இரண்டு பக்கமும் தனி அதிகாரிகள். படிக்கிற பிள்ளைகளைக் கல்வியாண்டின் நடுவே பெயர்த்துக்கொண்டு போனார்களே, ‘பரீட்சை முடியட்டும் சார்’ என்று சொல்லக்கூட ஓட்டு வாங்கிய ஒரு வாய் இல்லை.

*

மேற்பார்வை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்ட்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் அதைப் பார்த்தோம். ஏறக்குறைய 1,900 வீடுகள் கொண்ட புத்தம்புதுக் கட்டடம். குடிவந்த ஜனங்கள் சுவரை விரலால் தேய்த்தார்கள், பூச்சு உதிர்ந்தது. டி.வி. சேனல்கள் எல்லாம் போய் ஆளுக்கொரு தரம் தேய்த்துப் பார்த்தன. ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு சோதனை, இன்ஜினீயர்கள் சஸ்பெண்ட், சட்டமன்றத்தில் அமளி. எல்லாம் முறைப்படி நடந்தது.

எனக்கு ஒரு சந்தேகம். அந்தச் சுவர் ஒரே ராத்திரியில் பூசப்பட்டதா? மாதக்கணக்காகப் பூசியிருப்பார்கள். டெண்டர் விட்டது வாரியம். மேற்பார்வை பார்த்தது வாரியம். அளந்து பில் எழுதியது வாரியம். பணம் கொடுத்ததும் வாரியம். தான் எழுதிய பரீட்சைத் தாளைத் தானே திருத்திக்கொண்டால் யார்தான் ஃபெயில் ஆவார்கள்? கடைசியில் அந்தத் தாளைத் திருத்தியவர்கள் அங்கே குடிவந்த பெண்கள். திருத்த அவர்களிடம் இருந்தது ஆள்காட்டி விரல் மட்டும்.

அதே வருஷம் டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளம். 1993-ல் கட்டிய வாரியக் கட்டடத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக், பட்டப்பகலில் அப்படியே சரிந்து விழுந்தது. ஒரு உயிரும் போகவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டு எல்லோரையும் கொஞ்ச நேரம் முன்னால் வெளியேற்றிவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது எந்த ஆய்வு அறிக்கையும் இல்லை. அங்கேயே இருக்கிற, விரிசலைத் தினமும் பார்க்கிற, யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்த மனிதர்களின் கண்தான். உள்ளாட்சி மேற்பார்வை என்று நான் மூச்சு முட்டச் சொல்வதெல்லாம் இந்தக் கண்ணைத்தான். அதற்கு ஒரு ரிஜிஸ்டரும் கையெழுத்தும் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

*

இனி வாடகைக் கதை. பழைய பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டும்போது அங்கிருக்கும் குடும்பங்கள் வெளியே வாடகைக்குப் போக வேண்டும். அதற்கு அரசு தரும் உதவிக்கு ‘கருணைத் தொகை’ என்று பெயர். முன்பு 8,000 ரூபாய். பிறகு 24,000 ஆக உயர்த்தினார்கள். மூன்று மடங்கு, சபாஷ்! கொஞ்சம் கணக்குப் போடுவோமா? வேலை முடியப் பதினெட்டு மாதம் என்றே வைத்துக்கொள்வோம். தாமதமே இல்லை, மழையே இல்லை, மணல் தட்டுப்பாடே இல்லை. மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் அந்தத் தொகைக்குக் கிடைப்பது பைக் நிறுத்த இடம். ஒற்றை அறைக்கு 5,000 என்று கேட்டால் மொத்தத் தொகையும் ஐந்து மாதம் தாங்காது. சட்டத்தில் முன்பணம் மூன்று மாத வாடகை என்று இருக்கிறது. வீட்டுக்காரர் வாயில் அது பத்து மாதம்.

தொகை குறைவு என்பது பாதிக் குறைதான். மீதிப் பாதி: கையில் பணம் கொடுத்த அடுத்த நிமிஷத்திலிருந்து அந்தக் குடும்பம் எங்கே போனது, எத்தனை வாடகை கொடுக்கிறது, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னவாயிற்று, கட்டடம் தாமதமானால் என்ன செய்கிறது என்று பின்தொடர்வது யார் வேலை? வாரியத்தின் வேலை கட்டுவது. மாநகராட்சியைக் கேட்டால் அது வாரியத்தின் திட்டம். இரண்டுக்கும் நடுவில் கந்துவட்டிக்காரர் மட்டும் விலாசம் தவறாமல் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

பெயரையும் கவனியுங்கள். கருணை! தன் வீட்டைக் காலி செய்து கொடுத்தவருக்கு ஈடு கொடுப்பது எப்படிக் கருணையாகும்? நம் மனையை பில்டரிடம் கூட்டுக்குக் கொடுத்தால் வீடு முடிகிறவரை அவர் மாதா மாதம் வாடகை தருகிறார். அதற்கு அக்ரிமென்ட் என்று பெயர். ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் கருணை. கருணைக்குக் கணக்குக் கேட்க முடியாது, கோர்ட்டுக்குப் போக முடியாது, கும்பிட மட்டும்தான் முடியும்.

2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். இனிமேல் மக்களைக் கலந்து பேசிவிட்டுத்தான் மறுகுடியமர்வு என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் அதை நாம் கேட்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. கலந்து பேசுவது சட்டமாக இருந்திருந்தால், அந்த வார்டில் ஒரு கூட்டம் போட்டு, ‘பக்கத்தில் எந்த இடம் காலி, எந்தப் பள்ளியில் இடம் உண்டு’ என்று பேசியிருப்பார்கள். சத்தம் போட்டிருப்பார்கள், நாற்காலிகூடப் பறந்திருக்கும். உயிர் போயிருக்குமா?

*

இந்த இடத்தில் உங்கள் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. ‘என்ன சார், கவுன்சிலர் கையில கொடுக்கச் சொல்றீங்களா? இருக்கிறதும் போயிடும்!’

நியாயமான சிரிப்பு. வீடு கட்ட மணல் இறக்கினால் யார் வந்து நிற்பார்கள் என்று எனக்கும் தெரியும். உள்ளாட்சி வந்துவிட்டால் எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. லண்டனைப் பாருங்கள். 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் டவர் உள்ளூர் கவுன்சிலுக்குச் சொந்தமான கட்டடம்தான். கவுன்சில் நிர்வாகத்தை ஒரு தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. ‘பெரிய விபத்து நடந்தால்தான் விழிப்பீர்களா’ என்கிற ரீதியில் குடியிருந்தவர்கள் முன்கூட்டியே எழுதினார்கள். அவர்களைத் தொல்லை பிடித்தவர்கள் என்று நினைத்தார்கள்.

ஆனால் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் பொது விசாரணை. 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை, சுமார் 1,700 பக்கம். மத்திய அரசு, கம்பெனிகள், கவுன்சில், அந்த நிர்வாக அமைப்பு என ஒவ்வொருவர் தவறும் பெயர் சொல்லி எழுதப்பட்டது. எல்லா மரணமும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றது அறிக்கை. போன உயிர் வராது. ஆனால் லிஃப்ட் யாருடையது என்ற கேள்விக்கு அங்கே பதில் எழுதியாகிவிட்டது. நம்மூரில் இன்ஜினீயர் சஸ்பெண்ட் ஆனதோடு ஃபைல் தூங்கப் போய்விடும்.

கவுன்சிலர் யோக்கியர், அமைச்சர் அயோக்கியர் என்பதல்ல என் வாதம். இருவரும் ஒரே மண்ணில் விளைந்தவர்கள். வித்தியாசம் தூரத்தில் இருக்கிறது. கோட்டைக்குப் போக ஏழாவது மாடி அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். கவுன்சிலரை டீக்கடையில் மடக்கலாம்.

‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று வாரியம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புப் பணம் வசூலித்தால், அரசும் அதே அளவு போடும். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் பெயரில் பொறுப்பு இருக்கிறது, அதிகாரத்தைக் காணோம். லிஃப்ட் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை அந்தச் சங்கம் பார்க்கலாமா? வேலை சரியில்லை என்று பில்லை நிறுத்தலாமா? பணம் கட்டு, கேள்வி கேட்காதே என்றால் அதற்குப் பெயர் வசூல்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிளாக் வாசலிலும் ஒரு போர்டு: கட்டியது யார், எந்த வருஷம், எவ்வளவு செலவு, லிஃப்ட் பராமரிப்பு யாரிடம், பொறுப்பு இன்ஜினீயர் யார், போன் நம்பர் என்ன. கட்டட உறுதிச் சோதனை அறிக்கையைத் தமிழில் அங்கேயே ஒட்டுங்கள். குடியிருப்போரும் வார்டு உறுப்பினரும் கையெழுத்துப் போடாமல் பராமரிப்பு பில் பாஸாகக் கூடாது. மறுகுடியமர்வு என்றால் அனுப்புகிற வார்டிலும் வாங்குகிற ஊரிலும் கூட்டம் போட்டுத் தீர்மானம் வேண்டும். வாடகை உதவி, புது வீட்டுச் சாவி கைக்கு வருகிறவரை மாதா மாதம், அந்தப் பகுதியின் வாடகைக்கு ஏற்றபடி தரப்பட வேண்டும்.

2022-ல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு கமிட்டி, பகுதி சபைக்கெல்லாம் விதிகள் போட்டார்கள். அந்த வருஷம் நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்களும் நடந்தன. சபை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. வாரிய இன்ஜினீயரை அந்த நாற்காலியில் வந்து உட்காரச் சொல்ல ஒரு அரசாணை போதும். ஒரு பக்கம்தான், டைப் அடிக்க அரை மணி நேரம் ஆகாது.

அந்த லிஃப்ட் பன்னிரண்டாவது நாள் ஓட ஆரம்பித்தது. யார் சரிசெய்தார்கள் என்று இன்றுவரை அந்த அம்மாவுக்குத் தெரியாது. ‘பரவாயில்லையே, உங்க ஏழாவது மாடிக்கு எந்த அதிகாரியாவது ஏறி வந்து பார்த்தாங்களா?’ என்று கேட்டேன். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

‘அதிகாரி யாரும் வரலை சார். ஓட்டு கேக்க வந்தப்போ எல்லாக் கட்சிக்காரங்களும் ஏறி வந்தாங்க. அன்னிக்கும் லிஃப்ட் ஓடலை.’